ஆடிக் காற்றில் மன்னார் வளைகுடா: பள்ளத்தூர்க் குடும்பம் ஒன்றின் கடல்பூங்காப் பயணம்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள் கானாடுகாத்தான், ஒரு நாள் ஆத்தங்குடி என்று சுற்றிவிட்டு அப்புறம் கேட்பது கடலைத்தான். காரைக்குடியில் இருந்து வண்டியும் தங்கலும் ஏற்பாடு செய்து கொடுக்கும் என் போன்றவர்கள் ராமேஸ்வரம் என்று பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம். சாலை வழியே சுமார் 140 கிலோமீட்டர். கோவில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம். இப்போது சிலர் 'மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா' என்று பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட ஒரு குடும்பத்தின் பயணத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு விற்கப்பட்டது ஒன்று, கடல் காட்டியது வேறொன்று. காட்டியது மட்டமில்லை. ஆனால் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்தது.

குடும்பமும் ஏஜென்ட்டின் திட்டமும்

பள்ளத்தூர்க்காரர்கள். வீட்டு ஆச்சியின் மகனும் மருமகளும் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். பத்தாவது படிக்கும் பெண், ஐந்தாவது படிக்கும் பையன். சொந்தத்தில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) வந்தவர்கள், பிள்ளைகளின் விடுமுறை முடிவதற்குள் ஒரு தேசியப் பூங்காவைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்றால் வாசலில் வரைபடம் கொடுப்பார்கள், நடக்கப் பாதை போட்டிருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியது இயல்பே. இணையத்தில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து முன்பணமும் அனுப்பிவிட்டார்கள். வண்டியும் ராமேஸ்வரத்தில் ஓர் இரவுத் தங்கலும் மட்டும்தான் என் பொறுப்பு.

ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தில் நான்கு வாக்குறுதிகள் இருந்தன. ஆள் இல்லாத தீவுக் கடற்கரையில் அரை நாள். பவளப்பாறை மேல் ஸ்நார்க்லிங் (மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி தண்ணீருக்குள் பார்ப்பது). கடல்பசு பார்ப்பது. பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டம். பயணத் தேதி ஆடி முதல் வாரம்.

தேதியைப் பார்த்ததுமே மகனிடம் பேசினேன். அவர் யோசிப்பதற்குள் வீட்டு ஆச்சி முந்திக்கொண்டார். "தம்பி, நாங்க கடலுக்குப் பயந்து வந்து மேட்டுல வீடு கட்டின ஆளுங்க. இதுங்களுக்கு என்னடான்னா ஆடிக் காத்துல தீவுக்குப் போகணுமாம்." பூம்புகாரைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் என்பதுதான் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. தெருவில் இருந்து படியேறிப் போகும் உயரமான வீடுகளுக்கு அந்தப் பழைய பயத்தைக் காரணமாகச் சொல்வதும் உண்டு.

ஏஜென்ட்டின் இரண்டு நாள்களில் முதல் நாளை அப்படியே எடுத்து வடகரைக்கு, அதாவது பாக் விரிகுடாப் பக்கம், மாற்றலாம் என்று சொன்னேன். இரண்டாம் நாளை மாற்ற வேண்டாம், நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மகன். முன்பணம் கொடுத்தவர் அப்படித்தான் சொல்வார்.

பூங்கா எப்படிப்பட்ட இடம்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், கரையில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வரிசையாக 21 சின்னத் தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலையும் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் இதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டங்கள். மண்டபம் கூட்டத்தில் சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு என்று ஏழு.

தீவு என்றதும் தென்னையும் வெள்ளை மணலும் கண்ணில் வரும். இவை பவளப்பாறையின் சிதைவும் மணலும் சேர்ந்து மேடிட்டவை. பல தீவுகள் கடல் மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர்கூட எழுவதில்லை. தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அங்கிருந்து எதையும் எடுத்து வரவும் கூடாது. பாம்பனை ஒட்டிய குந்துகாலில் இருந்து குருசடைப் பக்கம் வனத்துறையே சுற்றுலாப் படகு விடுவதுண்டு. அதுவும் கடலும் துறையும் இடம் கொடுத்தால்தான். ஆகவே முதல் வாக்குறுதியான 'ஆள் இல்லாத தீவுக் கடற்கரை' எந்த மாதத்திலும் ஒரு தனியார் ஏஜென்ட் விற்கக்கூடிய சரக்கு இல்லை.

கச்சானும் வாடையும்

மண்டபம் முனையும் பாம்பன் தீவும் சேர்ந்து கடலை இரண்டாகப் பிரிக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்து மீனவர்கள் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்கில் இருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை பிடித்தால் நேர்மாறு. வடகடல் கலங்கிச் சேறாகும், தென்கடல் தெளியும்.

பூங்காவின் 21 தீவுகளும் தென்கடலில்தான் இருக்கின்றன. ஆடி என்பது கச்சானின் உச்சம். அம்மியே பறக்கும் என்று பழமொழி சொல்லும் மாதத்தில் சின்னப் படகில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பவளப்பாறை பார்க்கக் கிளம்புவது வீண் வேலை. அலை கிளப்பும் மணலில் தண்ணீருக்குள் ஒரு முழம் தள்ளி இருப்பதுகூடத் தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூங்காவின் எல்லைக்கோடு தென்கடலோடு நின்றாலும், ஆமைக்கும் கடல்பசுவுக்கும் அந்தக் கோடு தெரியாது. பாக் விரிகுடா பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிய கடல். வெயில் தரை வரை இறங்கும். அதனால் அடியில் கடற்புல் விளைகிறது. இந்தியாவில் கடற்புல் மிகச் செழித்திருக்கும் இடங்கள் என்றால் இந்த இரண்டு கடல்கள்தான் முன்னால் நிற்கும். ஆடியில் அமைதியாக இருப்பதும் செட்டிநாட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதும் இந்த வடகடல்தான்.

முதல் நாள்: காரங்காடும் அரியமானும்

விடிவதற்கு முன் கிளம்பி தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனோம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் முள்ளிமுனை, காரங்காடு. காரங்காடு சின்ன மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகும் ஏற்பாட்டை வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சொல்லி வைத்தால் மீன் சாப்பாடும் கிடைக்கும்.

காட்டுக்குள் படகு நுழைந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி போட்டுத் தள்ளினார் படகுக்காரர். தண்ணீர் வற்றியிருந்ததால் இரு பக்கமும் சேறு தெரிந்தது. சேற்றுக்கு மேலே விரல் உயரத்துக்கு ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் நிமிர்ந்து நின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. படகுக்காரர் ஓர் இலையைத் திருப்பிப் பையனிடம் நீட்டி, "நக்கிப் பாரு தம்பி" என்றார். பையன் அம்மாவைப் பார்த்தான். ஆச்சி வாங்கி முதலில் நக்கினார். "அட, உப்பு!" வெண்கண்டல் மரம் வேரில் எடுத்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் காய்ந்து, இலை மேல் வெள்ளைப் பொடியாக உப்பு நிற்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இலையை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்த பெண், ஒவ்வொரு துகளும் சதுரமாக இருக்கிறது என்றாள். இருந்தது.

கரையோரச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த நண்டுகள். கொடுக்கை ஆட்டுவது ஆண்கள்தான், பெண் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் சின்னது. படகின் நிழல் விழுந்ததும் அத்தனையும் வளைக்குள் போய்விட்டன. அசையாமல் காத்திருந்தோம். ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இதற்கே நிறைய நேரம் போனது, ஆனால் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஏஜென்ட்டின் திட்டத்தில் காரங்காடு இல்லவே இல்லை. அங்கே அவருக்குக் கமிஷன் கிடையாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு உப்பூர், தேவிபட்டினம் தாண்டி, பிரப்பன்வலசைப் பக்கமாக அரியமான். சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். ஒரு அலைகூட இல்லை. காற்று முதுகுக்குப் பின்னால் நிலத்தில் இருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது, தண்ணீர் மட்டும் அசையவில்லை. "இது என்ன, நம்ம ஊருணி மாதிரியில்ல இருக்கு" என்றார் ஆச்சி. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கியும் விட்டார்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கண்ணாடி கொடுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து பார்க்கச் சொன்னோம். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாது. முதலில் வெறும் மணல். பிறகு பச்சைத் திட்டுகள். அந்தத் திட்டில்தான் எல்லாம் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு முட்டை வடிவ இலைகள், இரண்டிரண்டாக மணலில் இருந்து கிளம்பியிருந்தன. கொஞ்சம் தள்ளி, முழ நீளத்துக்கும் மேலே நாடா நாடாக வேறொரு புல். கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினேன். அடித்தண்டைச் சுற்றிக் கறுப்பு முடி அடர்ந்திருந்தது. இவை பாசி இல்லை. வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. வயலில் விளையும் செடியைப் போல முழுச் செடி, கடலுக்குள் வாழப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் மட்டும் 13 வகைக் கடற்புல் பதிவாகியிருக்கிறது.

பையன் தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கி, யாரோ அசிங்கம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று கத்தினான். கடல் அட்டை. கறுப்பாக, மேலே மணல் அப்பிக்கொண்டு, அசையாமல் கிடந்தது. மணலைத் தின்று, அதில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்னால் விடுவதுதான் அதன் பிழைப்பு. எடுத்துப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் சிரிக்காமல் சொன்னார்: "எடுத்தா கேசுண்ணே." உண்மைதான். 2001-இல் கடல் அட்டையை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் இருக்கும் முதல் அட்டவணையிலேயே சேர்த்தார்கள். பவளமும் கடல்குதிரையும் அதே ஆண்டில் அதில் சேர்ந்தன. கடல் அட்டைத் தடையைப் பற்றி மீனவர்களிடம் கேட்டால் வேறு நியாயம் சொல்வார்கள், அதிலும் விஷயம் இருக்கிறது. அக்கரையில் இலங்கையில் அதே அட்டையைப் பிடித்து விற்கலாம். கடத்தல் நிற்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடல்பசு பற்றிய பேச்சு இந்தப் புல்லுக்குள் நிற்கும்போதுதான் எடுபட்டது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் இந்த விலங்குக்கு உணவு இதுதான். வளர்ந்த ஒன்று மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ வரை எடை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் மேயும். ஓர் ஆண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடும், அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். இந்தியா முழுவதுமே சில நூறுக்குள்தான் மிச்சம். கடற்கரையில் நின்று அதைப் பார்ப்பதற்கு வாய்ப்பு அநேகமாக இல்லை. காலமெல்லாம் கடலில் கிடப்பவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். 'கடல்பசு பார்வை' என்று காசு வாங்குகிறவர் பொய் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்க்கக்கூடியது அது மேய்ந்த தடம். சின்ன இலைப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், புல்தரை நடுவே மொட்டையாக வளைந்து போகும் பட்டைகள் தெரியும். அன்று எங்களுக்கு அதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் பெண்ணுக்கு ஒன்று பிடிபட்டது. விசைப்படகின் இழுவலை இந்தப் புல்லின் மேல் போனால் என்ன ஆகும் என்று அவளே கேட்டாள்.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கடல்பசு என்றதும் ராமேஸ்வரத்தை நினைப்பதே ஒரு பழக்கதோஷம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது, 448 சதுர கிலோமீட்டர். அது இருப்பது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், அதிராம்பட்டினத்தில் இருந்து அம்மாபட்டினம் வரை. காரைக்குடியில் இருந்து அறந்தாங்கி போய்க் கிழக்கே திரும்பினால் வந்துவிடும். வலையில் சிக்கிய கடல்பசுவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வெகுமதி கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு நண்டுக் குழம்பும் இந்தப் புல்லில்தான் தொடங்குகிறது. இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது இங்கேதான்.

மண்டபத்தை நெருங்கும்போது கரையோரத் தண்ணீரில் சதுரச் சதுரமாக மூங்கில் மிதவைகள். பாசி வளர்ப்பு. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றில் நாற்றுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கும் பொருள் இதில் இருந்து எடுக்கப்படுகிறது. கப்பாபைகஸ் என்ற இந்தப் பாசி வெளியில் இருந்து வந்தது. பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, மறுப்பதற்கில்லை. அதே பாசி தென்கடலில் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டையும் பிள்ளைகளிடம் சொன்னேன். எது சரி என்று பையன் கேட்டதற்கு அவன் அப்பா பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள்: குந்துகாலும் தனுஷ்கோடியும்

நகரத்தார் சத்திரத்தில் தங்கியிருந்த ஆச்சி விடியற்காலையிலேயே தீர்த்தமாடி முடித்துவிட்டார். எட்டு மணிக்குக் குந்துகால் போனோம். 1897-இல் விவேகானந்தர் வெளிநாடு போய்த் திரும்பி வந்து இறங்கிய கரை, நினைவகம் இருக்கிறது. எதிரே குருசடை கோடாகத் தெரிந்தது. இடையில் வெள்ளை நுரை. படகுகள் கட்டிக் கிடந்தன.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார் மகன். படகு இல்லையென்றால் பரவாயில்லை, தெரிந்த வத்தைக்காரர் (சின்ன நாட்டுப்படகு வைத்திருப்பவர்) ஒருவர் இருக்கிறார், சோதனை இல்லாத பக்கமாகக் கூட்டிப் போவார், கொஞ்சம் கூடுதலாகும் என்று பதில் வந்தது. காற்றையும் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஏமாற்றப் பார்க்கிற பேச்சு. ஆச்சி மருமகளைப் பார்த்து, "வேண்டாம்னு சொல்லு" என்றார். அத்தோடு முடிந்தது. முன்பணம் திரும்பி வரவில்லை. குடும்பமும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை.

அந்த நேரத்தைத் தனுஷ்கோடிக்குக் கொடுத்தோம். அரிச்சல்முனைக்குப் போகும் சாலையின் இடது பக்கம் வடகடல் பச்சையாகப் படுத்திருந்தது. வலது பக்கம் தென்கடல் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் வாயால் சொன்னதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. முனையில் குளிக்க விடக் கூடாது. இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், மணல் காலுக்கடியில் நகரும். காற்றாடியைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்கும் சிலருக்கு மட்டும் அந்தக் காற்று கொண்டாட்டம்.

பூநாரை இல்லை. அவை குளிர்காலத்தில் வருபவை, தையிலும் மாசியிலும் கோதண்டராமர் கோவில் பக்கத்து உப்பங்கழியில் நிற்கும். அந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. ஆடியில் போய்ப் பூநாரை கேட்டால் கிடைப்பது ஆலாவும் செம்பருந்தும்தான். அவையும் நல்ல பறவைகளே.

1964 டிசம்பர் புயலில் இடிந்த மாதா கோவில் இருக்கிறதே, அங்கேதான் நாங்கள் அதிகம் நின்றோம். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். சுவருக்கு ஒரு முழத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனால்தான் விஷயம் தெரியும். கல் முழுவதும் நட்சத்திர நட்சத்திரமாகக் குழிகள். கடலில் இருந்து வெட்டி எடுத்த பவளக்கல். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. பெண் விரலை வைத்து வைத்து எண்ணப் பார்த்து விட்டுவிட்டாள். கடலுக்குள் போகாமலே பவளப்பாறையின் உடம்பை இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிகிற இடம் இது.

பையன்தான் கேட்டான்: பள்ளத்தூர் வீட்டுச் சுவரிலும் இதுதான் இருக்கிறதா? நல்ல கேள்வி. செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்பு சுண்ணாம்பில் வருவது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்துப் பல பூச்சாகப் பூசித் தேய்த்தார்கள். கிளிஞ்சல் என்பது செத்த சிப்பியின் ஓடு, கரையில் ஒதுங்குவது. பவளத்தைச் சுட்டாலும் சுண்ணாம்புதான் வரும், ஆனால் அது கடலுக்குள் நின்று அலையைத் தாங்கிக்கொண்டிருந்த மதில். மன்னார் வளைகுடாவில், குறிப்பாகத் தூத்துக்குடிப் பக்கம், சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் ஆலைகளுக்கும் பவளத்தைப் படகு படகாக வெட்டினார்கள். 2005 வாக்கில்தான் அது நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்று எண்ணிக்கை சொல்கிறோமே, அதில் அந்த இரண்டும் சேர்த்தி. தூத்துக்குடி எதிரே உள்ள வான் தீவும் பெரும்பகுதி கரைந்த பிறகு, 2015 முதல் சுற்றிலும் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுத்தார்கள். அதில் மணல் மறுபடி சேரத் தொடங்கியது.

வெட்டு நின்றாலும் வெப்பம் நிற்கவில்லை. 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி இங்கே பவளம் வெளுத்தது. பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் கொடுப்பது அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் அதை வெளியே தள்ளினால் உள்ளே இருக்கும் வெள்ளை எலும்புதான் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை.

மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி மணலில் தோண்டிய ஊற்றில் குடத்துக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். ஆச்சி ஒரு கை வாங்கிக் குடித்துவிட்டு, உப்பு இல்லை என்று ஆச்சரியப்பட்டார். இரு பக்கமும் கடல் இருக்க நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். ஊருணிக் கரையில் வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மணல் மேட்டில் அடம்பங்கொடி படர்ந்திருந்தது. அந்தக் கொடி இல்லையென்றால் ஆடிக் காற்று மேட்டையே வாரிக்கொண்டு போய்விடும்.

கிளம்பும்போது பையனின் கால்சட்டைப் பையில் ஒரு பவளத் துண்டு. கடையிலும் விற்கிறார்களே என்றான். விற்பதும் குற்றம், ஊர்தாண்டிக் கொண்டு போவதும் குற்றம், விமான நிலையத்தில் மாட்டினால் அப்பாவுக்குத்தான் சிக்கல் என்று சொல்லித் திரும்பப் போட வைத்தோம். ராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளில் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எல்லாச் சிப்பியும் தடைப்பட்டதல்ல, ஆனால் பெரிதாகவும் அழகாகவும் இருக்கும் சில வகைகள் அட்டவணையில் இருக்கின்றன. எது என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

இந்தப் பயணம் சொல்லும் கணக்கு

நான்கு வாக்குறுதிகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. தீவுக்குச் சட்டமும் காற்றும் தடை, ஸ்நார்க்லிங்குக்கும் அதே. பூநாரைக்குப் பருவம் தவறு. கடல்பசு யாரும் உறுதி சொல்ல முடியாத ஒன்று. ஆனாலும் குடும்பம் மனக்குறையோடு திரும்பவில்லை. முதல் நாளை வடகரைக்கு மாற்றியது பெரிய காரணம். பிள்ளைகள் காரில் உட்கார்ந்து பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கியது இன்னொன்று. ஆச்சி கூட வந்ததையும் நான் காரணமாகவே சேர்ப்பேன். அவர் இலையை நக்கிய பிறகு யாரும் கூச்சப்படவில்லை.

குறையும் உண்டு. உயிருள்ள பவளத்தை அவர்கள் பார்க்கவில்லை. அதற்கு ஆடியில் இங்கே மாற்று வழி கிடையாது.

மாதத்துக்கு ஏற்ற கரையை இப்போது இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். தை முதல் பங்குனி வரை தென்கடல். படகு விட்டால் குருசடைப் பக்கம், அதோடு பூநாரை. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் காலமும் அதுவே, தனுஷ்கோடி மணலில் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கும். சித்திரை, வைகாசியில் வெயிலைத் தாங்குகிறவர்கள் மட்டும். ஆனி முதல் ஆவணி வரை காரங்காடு, அரியமான், புதுக்கோட்டைக் கடற்கரை. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் வந்துவிட்டால் கடலை விட்டுவிட்டு, திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போகிறோம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்.

முன்பதிவுக்கு வருகிறவர்களிடம் என்ன பார்க்க வேண்டும் என்று முதலில் கேட்பதில்லை. எந்த மாதம் வருகிறீர்கள் என்றும், முழங்கால் நனையத் தயாரா என்றும் கேட்கிறோம். மாதத்தை மாற்ற முடியாது, தண்ணீரிலும் இறங்க மாட்டோம் என்கிறவர்களுக்குப் பாம்பன் பாலமும் கோவிலும் போதும். அதற்கு ஒரு நாள் வண்டி அனுப்பிவிடலாம்.